என் மனம் அலைவது குழந்தைக்குத் தெரியுமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. நான் வேலை முடிந்து வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிறது. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு காணொளி பார்த்தேன். தாயும் குழந்தையும் சேர்ந்து விளையாடும்போது இருவர் மூளையும் ஒரே அலையில் இயங்கும், அப்படி இயங்காவிட்டால் குழந்தை பேச்சிலும் அறிவிலும் பின்தங்கிவிடும் என்று அதில் சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் அவளோடு மட்டும் உட்காருகிறேன். "அம்மா கண்ணைப் பார்" என்று சொல்லிச் சொல்லிப் பேசுகிறேன். முதலில் சிரித்தாள், இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கட்டைகளை வரிசையாக அடுக்குவாள். கோபுரம் கட்டலாம் வா என்றால் எழுந்து போய்விடுகிறாள். எனக்கோ உட்கார்ந்திருக்கும்போதே அலுவலக நினைப்பு வந்துவிடுகிறது. என் மனம் அலைவதை அவள் மூளை கண்டுபிடித்துவிடுகிறதா? அவள் அப்பா வெளியூரில் இருக்கிறார், வீடியோ காலில்தான் பேசுகிறார். அது கணக்கில் வருமா? மூளை அலையைக் காட்டும் தலைப்பட்டை விற்கிறார்கள், வாங்கலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனம் அலைவதைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தோன்றுகிறது.

உங்கள் மகளின் மூளை உங்கள் நினைப்பைப் படிப்பதில்லை. மூளையின் மின்துடிப்பு அவ்வளவு மெல்லியது. தலைத்தோலில் மின்முனைகளைப் பொருத்தி அளந்தாலே மைக்ரோவோல்ட் கணக்கில்தான் கிடைக்கும், அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்குகள். அது காற்றில் பாய்ந்து இன்னொரு தலைக்குள் போவதற்கு வழியே இல்லை. 'ஒரே அலை' என்று கேட்கும்போது இரண்டு வானொலிப் பெட்டிகள் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் உங்கள் இருவருக்கும் நடுவில் போய்வருவது பார்வை, குரல், தொடுகை, முகபாவம், இவை எந்த நேரத்தில் வருகின்றன என்பது, அவ்வளவுதான். அவள் ஒன்றைக் காட்டி நீங்கள் நான்கு நொடி கழித்து "ம்" என்றால், அந்தத் தாமதம் அவளுக்குத் தெரியும். அந்த நான்கு நொடியில் நீங்கள் எந்தக் கோப்பை நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்பது தெரியாது.

அப்படியானால் ஆய்வாளர்கள் எதைத்தான் அளக்கிறார்கள்? தாய்க்கும் குழந்தைக்கும் ஆளுக்கொரு தொப்பி மாட்டி, இருவர் மூளையிலும் நடக்கும் ஏற்ற இறக்கங்களை ஒரே நேரத்தில் பதிவு செய்கிறார்கள். இதை ஹைப்பர்ஸ்கேனிங் என்பார்கள். குழந்தைகளிடம் அதிகம் பயன்படுவது அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைத் தலைக்குள் செலுத்தி அளக்கும் முறை. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுகிறது. திரும்பி வரும் ஒளியில் அந்த மாற்றம் தெரிகிறது. பிறகு இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவை சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று கணக்கிடுகிறார்கள். அந்தச் சேர்க்கைக்குத்தான் ஒத்திசைவு என்று பெயர். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரே படத்தைத் தனித்தனி அறையில் பார்க்கும் இருவருக்கும்கூட ஓரளவு ஒத்திசைவு வரும், ஏனென்றால் இருவர் கண்ணிலும் காதிலும் விழுவது ஒன்றே. அதனால் நல்ல ஆய்வுகளில் ஒரு வீட்டுத் தாயின் பதிவை வேறொரு வீட்டுக் குழந்தையின் பதிவோடு சேர்த்துப் பார்த்து, அதைவிட உண்மையான ஜோடியில் கூடுதலாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

நீங்கள் பார்த்த காணொளி எந்த ஆய்வை வைத்துப் பேசியதோ தெரியாது. இந்தத் துறையில் பலரும் எடுத்துக்காட்டும் ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக் கதைக்கு அது நேரடியாகப் பொருந்துகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எலீஸ் பியாஸாவும் அவருடைய குழுவினரும் 2020-ல் வெளியிட்டது. ஒன்பது முதல் பதினைந்து மாதக் குழந்தைகளோடு ஒரு பெரியவர் பொம்மை வைத்து விளையாடினார், பாட்டுப் பாடினார், கதைப்புத்தகம் வாசித்தார். அப்போது இருவர் மூளையும் பல இடங்களில் சேர்ந்து இயங்கின. அதே ஆள் குழந்தையிடமிருந்து திரும்பி இன்னொரு பெரியவரிடம் கதை சொன்னபோது அந்தச் சேர்க்கை காணாமல் போனது. இதுவரை காணொளிகளில் வரும். அதிகம் வராத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அந்தப் பெரியவர் குழந்தையின் தாய் அல்ல, ஆய்வுக்கூடத்து ஆள். எனவே இது தாய்ப்பாசத்தின் அளவுகோல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்றொன்றைப் படித்தபோது நானே சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியில் குழந்தையின் ஏற்ற இறக்கம் முன்னே போனது, பெரியவருடையது அதைத் தொடர்ந்து வந்தது. குழந்தை அடுத்து எந்தப் பொம்மையைப் பார்க்கப்போகிறது என்று கவனித்து, அதற்கேற்பப் பெரியவர் தன் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தார் என்பதே இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். அவள் கட்டைகளை வரிசையாக அடுக்குகிறாள். நீங்கள் கோபுரம் கட்டலாம் என்கிறீர்கள். அவள் எழுந்து போகிறாள். அவள் விளையாட்டில் ஏற்கெனவே ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அது ரயிலாக இருக்கலாம், சுவராக இருக்கலாம், பெயரே இல்லாத ஒன்றாகவும் இருக்கலாம். உங்கள் அழைப்பு அதை நடுவில் வெட்டியது. அன்போடு சொன்னீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் யார் பின்னால் யார் போகிறார்கள் என்பது தலைகீழாகிவிட்டது.

வியன்னா பல்கலைக்கழகத்தில் டிரின் நுயென், ஸ்டெஃபானி ஹோயெல் குழுவினர் ஐந்து வயதுக் குழந்தைகளையும் தாய்மார்களையும் வைத்து 2020-ல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. ஏழு துண்டுகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் டேன்கிராம் புதிரை ஒரு தடவை இருவரும் சேர்ந்து போட்டார்கள், இன்னொரு தடவை தனித்தனியாகப் போட்டார்கள். சேர்ந்து போட்டபோது ஒத்திசைவு கூடியது. அதிலும் ஒருவர் செய்ய மற்றவர் அதற்கு ஈடு கொடுப்பது எந்த ஜோடியில் அதிகமோ அங்கே அதிகம். குழந்தையின் பிறவிக் குணத்தைவிட, அந்த நேரத்தில் குழந்தை எவ்வளவு தானாக முடிவெடுத்துச் செயல்பட்டது, தாய் எவ்வளவு பதற்றமாக இருந்தார் என்ற இரண்டும்தான் இதில் அதிகம் பேசின. பிறவிக் குணத்தை மாற்ற முடியாது. இந்த இரண்டையும் ஒரே மாலையில் கொஞ்சம் மாற்ற முடியும். அதனால்தான் இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் கண்ணைப் பார்ப்பது. கேம்பிரிட்ஜில் விக்டோரியா லியோங் குழுவினர் 2017-ல், பாடுபவர் நேராகக் கண்ணைப் பார்த்துப் பாடும்போது கைக்குழந்தைகளின் மூளையோடு அவர் மூளையின் ஒத்திசைவு கூடுகிறது என்று காட்டினார்கள். அந்தக் காணொளிக்காரர்கள் இதை வைத்துத்தான் உங்களைக் கண்ணைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அங்கே பெரியவர்தான் குழந்தையைப் பார்த்தார். குழந்தையின் முகத்தைத் திருப்பி "என்னைப் பார்" என்று யாரும் சொல்லவில்லை. மூன்றரை வயதுக் குழந்தை விளையாடும்போது அதன் கண் கையில் இருக்கும் பொருள்மேல்தான் இருக்கும். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து உங்களைப் பார்க்கும், நீங்கள் பார்க்கிறீர்களா என்று சரிபார்க்கும், மறுபடி குனிந்துகொள்ளும். அந்த ஒரு பார்வைக்கு நீங்கள் அங்கே இருந்தால் போதும்.

முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பெற்றோர் பலரும் இதை நிராகரிப்பு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைக்கு அது ஒரு மூச்சு வாங்கல். எதிரில் வரும் பார்வையும் பேச்சும் தாங்கும் அளவைத் தாண்டும்போது, கைக்குழந்தைகூடத் தலையைத் திருப்பிக் கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுத் தானே திரும்பி வரும். திரும்பும் முகத்தைப் பின்தொடர்ந்து நாமும் போனால் ஓய்வு கிடைக்காது, குழந்தை இன்னும் தள்ளிப்போகும். ஜோசஃப் ஜாஃப், பியாட்ரிஸ் பீபி குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். நான்கு மாதக் குழந்தைகளும் தாய்மார்களும் மாறி மாறிக் குரல் கொடுக்கும் தாளத்தை நுணுக்கமாக அளந்து, அதே குழந்தைகளை ஒரு வயதில் மறுபடி பார்த்தார்கள். தாயோடு பாதுகாப்பான பிணைப்பு இருந்த குழந்தைகளின் தாளம் நான்கு மாதத்தில் எப்படி இருந்தது? மிக இறுக்கமாகவும் இல்லை, மிகத் தளர்வாகவும் இல்லை, நடுத்தரமாக இருந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் இம்மி பிசகாமல் ஈடு கொடுக்கும் இறுக்கம் நல்ல அறிகுறியாக இருக்கவில்லை. அந்தத் தாய்மாரிடம் பெரும்பாலும் கண்கொத்திப் பாம்பு போன்ற ஒரு விழிப்பு இருந்திருக்கும் என்பது என் ஊகம். உங்கள் இரண்டு மாதத்திலும் அந்த விழிப்பின் சாயல் தெரிகிறது. குறை சொல்வதற்காக எழுதவில்லை. பயம் வந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

எட்வர்ட் டிரோனிக் என்ற ஆய்வாளரைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1970-களில் அவர் செய்த ஒரு சோதனை பிரபலமானது. குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சில நிமிடங்கள் உட்கார்ந்திருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கூப்பிடும், கடைசியில் கலங்கிப்போகும். இதைப் பார்த்துப் பயந்தவர்கள் ஏராளம். ஆனால் அதே டிரோனிக்கும் உடன் பணியாற்றியவர்களும் சாதாரண நேரத்தில் தாயும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள் என்று நொடி நொடியாகக் கணக்கிட்டார்கள். நலமாக இருக்கும் ஜோடிகளில்கூட இருவரும் ஒரே மனநிலையில் பொருந்தி இருந்தது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் இவர் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். பொருந்தாமல் போவதும் மறுபடி பொருந்துவதும் மாறி மாறி நடந்துகொண்டே இருந்தன. "அம்மா எங்கோ போய்விட்டாள், கூப்பிட்டால் வருகிறாள்" என்று குழந்தை கற்றுக்கொள்வது அந்தத் திரும்பி வருதலில்தான் என்று அவர் வாதிட்டார். நானும் அப்படியே நம்புகிறேன். ஆகவே அலுவலக நினைப்பு வந்துவிட்டதே என்று அங்கேயே உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். "அம்மா கவனிக்கலை, இன்னொரு தடவை காட்டு" என்று சொல்லுங்கள். அவளுக்கு அது போதும்.

பேச்சு பின்தங்கும் என்று பயமுறுத்தினார்களே, அதற்கு நேரான பதில்: மூளை ஒத்திசைவு குறைந்ததால் ஒரு குழந்தைக்குப் பேச்சு வராமல் போனது என்று எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. இவை பெரும்பாலும் சில டஜன் ஜோடிகளை ஒரு மணி நேரம்போலப் பார்த்துச் செய்த ஆய்வுகள். இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுகின்றன என்று சொல்லும், ஒன்றால்தான் மற்றது என்று சொல்லாது. பேச்சு வளர்ச்சியில் நமக்கு ஓரளவு தெளிவாகத் தெரிந்தது வேறு. 2018-ல் ரேச்சல் ரோமியோ குழுவினர் நான்கு முதல் ஆறு வயது வரையிலான 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார்கள். பெரியவர்கள் கொட்டிய சொற்களின் எண்ணிக்கையைவிட, நீ ஒன்று நான் ஒன்று என்று பேச்சு எத்தனை தடவை கைமாறியது என்பதுதான், கதை கேட்கும்போது குழந்தையின் மொழிப்பகுதி எவ்வளவு சுறுசுறுப்பாக இயங்கியது என்பதோடு பொருந்தியது. பெற்றோரின் வருமானத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அப்படித்தான். கைமாற வேண்டுமென்றால் நாம் நிறுத்த வேண்டும், காத்திருக்க வேண்டும். மூன்றரை வயதில் ஒரு பதில் உருவாக ஐந்தாறு நொடிகூட ஆகலாம். அந்த மௌனத்தைத் தாங்குவது பெரியவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று தினமும் பார்க்கிறேன்.

சரி, இனி என்ன செய்யலாம்? ஒரு மணி நேரத்தை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்தவுடன் முதல் பத்து நிமிடம் உங்களுக்கு. முகம் கழுவுங்கள், உட்காருங்கள், அலுவலகத்தில் பாக்கி இருப்பதை ஒரு தாளில் எழுதி ஓரமாக வையுங்கள். இதைச் சுயநலம் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், பிள்ளை வளர்ப்பால் அதிக அழுத்தத்தில் இருந்த தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்ந்து படம் பார்க்கும்போதுகூட ஒத்திசைவு குறைவாக இருந்தது. உங்கள் பதற்றத்தைக் குறைப்பதும் அவளுக்காகச் செய்யும் வேலைதான்.

அப்புறம் பத்துப் பதினைந்து நிமிடம் அவள் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். வரிசை அடுக்கினால் வரிசை. எதுவும் சொல்லித் தராமல், ஒரு கட்டையை எடுத்து உள்ளங்கையில் நீட்டிக் காத்திருங்கள். எடுத்துக்கொண்டால் அடுத்தது. எடுக்காவிட்டால் கையை மடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருங்கள். "இது என்ன நிறம்? எத்தனை இருக்கு?" என்ற பரீட்சைக் கேள்விகளைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள், "ஓ, நீளமாப் போகுதே" என்பது போல அவள் செய்வதையே சொன்னால் போதும்.

விளையாடத் தெம்பே இல்லாத நாளில் அவளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். வியன்னா குழுவினர் நான்கு முதல் ஆறு மாதக் குழந்தைகளிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். தாயும் குழந்தையும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து ஒரு காட்சியைப் பார்த்ததைவிட, மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபோது ஒத்திசைவு கூடுதல். முகம் பார்க்கவில்லை, பேசவில்லை, உடல் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். உங்கள் மகள் கைக்குழந்தை அல்ல. ஆனாலும் மடிக்கு வயது தாண்டிவிடவில்லை.

கைபேசியை மட்டும் அந்தப் பதினைந்து நிமிடம் வேறு அறையில் வையுங்கள். இரண்டு வயதுக் குழந்தைகளுக்குத் தாய்மார்கள் இரண்டு புதிய சொற்கள் கற்றுக்கொடுத்த ஓர் ஆய்வு 2017-ல் வந்தது. ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்கும்போது நடுவில் கைபேசி அழைப்பு வரும்படி செய்தார்கள். இரண்டு சொற்களையும் அதே எண்ணிக்கை தடவை சொல்லிக்கொடுத்தும், அழைப்பால் அறுந்துபோன சொல்லைக் குழந்தைகள் கற்றுக்கொள்ளவில்லை. மனம் தானாக அலைவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு: அலைந்த மனம் குழந்தை கூப்பிட்டால் திரும்பிவிடும், அழைப்பில் இருக்கும் ஆள் திரும்ப மாட்டார்.

வரிசையாக அடுக்குவது ஏதாவது குறைபாட்டின் அடையாளமோ என்ற பயமும் உங்களுக்கு உள்ளே இருக்கலாம். அது மட்டும் எதற்கும் அடையாளம் அல்ல. இந்த வயதில் பல குழந்தைகள் அடுக்குவார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாளா, பிடித்த ஒன்றை விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறாளா, சிறு வாக்கியங்களாகப் பேசுகிறாளா, பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போல பாவனை விளையாட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதாவது இல்லையென்றாலோ, முன்பு இருந்து இப்போது நின்றுபோயிருந்தாலோ, காத்திருக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் வளர்ச்சிப் பரிசோதனை கேளுங்கள். அதுபோலவே, உங்களுக்கு வேலை இல்லாத நாட்களிலும் சோர்வு விலகவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் உங்களுக்காகவும் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

அவள் அப்பாவின் அழைப்புகள் கணக்கில் வரும். இஸ்ரேலில் 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் தாய்மாரும் பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளும் நேரில் பேசியபோது இரு மூளைகளுக்கு நடுவே ஒன்பது இணைப்புகள் தென்பட்டன. திரை வழியாகப் பேசியபோது ஒன்றுதான். குறைவுதான், ஆனாலும் இல்லாமல் போகவில்லை. "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டுக்கொண்டிருக்காமல், அவர் முனையிலும் சில கட்டைகளை வைத்துக்கொண்டு இவள் அடுக்குவதைப் பார்த்து அடுக்கட்டும். தந்தையரிடமும் இந்த ஒத்திசைவு உண்டு என்பதை வியன்னா குழுவினர் 2021-ல் காட்டினார்கள். தந்தை என்ற பொறுப்பைத் தன் வாழ்வில் பெரிதாக நினைத்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. ஊர் திரும்பும்போது தரையில் உட்கார அவருக்கும் இடம் விடுங்கள்.

தலைப்பட்டை வாங்க வேண்டாம். பிரின்ஸ்டன் ஆய்வுக்கு வந்த 42 குழந்தைகளில் 21 பேர் அதிகம் நெளிந்ததால் அவர்கள் பதிவுகள் பயன்படவில்லை, மூன்று பேர் தொப்பியே போட்டுக்கொள்ளவில்லை. மிஞ்சியது 18 பேர். பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் கையிலேயே நிலைமை அது. கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் கோடு துள்ளும் ஒரு பட்டையைப் பார்த்து உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போட்டுக்கொள்வீர்கள், மறுபடி அந்தப் பதற்றம்தான் வரும்.

இரண்டு வாரம் இப்படி இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் அவள் முகத்தைத் திருப்புவது குறையவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். எழுதும்போது, திரும்புவதற்கு முந்தைய சில நொடிகளில் நீங்கள் என்ன சொன்னீர்கள், அவள் கையில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.